அத்தியாயம் 7: காதில் விழுந்ததைக் கையில் பிடிப்பது

ஃபேரர் பார்க் மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, திருச்சியிலிருந்து வந்திருந்த மாமாவுக்கு ஒருமுறை வரலாறு சொன்னேன். "1942இல் நேதாஜி இங்கதான் மாமா பேசினாரு." பக்கத்து பெஞ்சிலிருந்த பெரியவர் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததே 43 ஜூலையிலதான். இங்க பேசுனது மோகன் சிங்."

அவர் சொன்னதுதான் சரி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷ் இந்திய ராணுவ வீரர்களை இந்த மைதானத்தில் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே பேசியவர்கள் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும். நேதாஜி தலைமை ஏற்றது 1943 ஜூலை 4 அன்று, கேத்தே கட்டடத்தில். இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டது மறுநாள், பாடாங்கில். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் இரண்டு பாட்காஸ்ட்டுகளில் கேட்டிருந்தேன். இரண்டும் சரியாகத்தான் சொல்லியிருந்தன. என் மண்டைக்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கதையாகிவிட்டன.

நிறைய கேட்பவர்களுக்கு வரும் நோய் இது. கேட்கும்போது புரிகிறது, புரிந்ததாலேயே தெரிந்துவிட்டது என்று தோன்றுகிறது. திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம், கேள்விக்குத் தனியாக இன்னோர் அதிகாரம். காதால் கேட்டுப் படிப்பதும் நாமே எழுப்பும் வினாவும் தமிழில் ஒரே சொல். இந்த அத்தியாயத்தின் முறையும் அந்தச் சொல்லில்தான் நிற்கிறது: கேட்டதை விஷயமாகச் சேர்க்காமல், வினாவாகச் சேருங்கள்.

## என்னென்ன வேண்டும்?

கைபேசி, காதொலிக் கருவி, குறிப்பெழுதும் செயலி ஒன்று. அவ்வளவுதான். எந்தச் செயலி என்பதில் நாள் போக்காதீர்கள். கூகல் கீப், ஆப்பிள் நோட்ஸ், வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பும் செய்தி என எதுவும் போதும். நோஷனா, ஒப்சிடியனா என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒப்பீட்டு அட்டவணை பிரமாதமாக இருக்கிறது. குறிப்பு ஒன்றுகூட இல்லை.

## முதல் கட்டம்: ரயில் ஏறுமுன்

பொங்கோலில் ஏறினால் ஃபேரர் பார்க் ஒன்பதாவது நிறுத்தம். ஏறத்தாழ 20 நிமிடப் பயணம். இதை அளவாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் பயணம் வேறு என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முந்தின இரவே ஒரு எபிசோடைத் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்கி வையுங்கள். ஒன்றுதான். மேடையில் நின்று தேட ஆரம்பித்தால் செங்காங் வரை தேடிக்கொண்டே இருப்பீர்கள்.
2. தலைப்பையும் விவரக் குறிப்பையும் படித்து, உங்களுக்கு விடை வேண்டிய ஒரு வினாவை எழுதுங்கள். "இந்திய தேசிய ராணுவம் பற்றி" என்பது வினா ஆகாது. "முதல் படைக்கும் நேதாஜியின் படைக்கும் என்ன வேறுபாடு?" என்பது வினா.
3. வினா தோன்றவில்லையா? அந்த எபிசோடைப் பொழுதுபோக்காகக் கேளுங்கள். குறிப்பு வேண்டாம். எல்லாவற்றையும் பாடமாக்கினால் பாட்காஸ்ட் கேட்பதே வெறுத்துவிடும். நான் கேட்பதில் பாதிக்கு மேல் இந்த வகைதான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

## இரண்டாம் கட்டம்: கேட்கும்போது

இங்கே செய்ய வேண்டியது மிகக் குறைவு. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன என்பதால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

1. எழுதாதீர்கள். எழுதும் நேரத்தில் அடுத்த வாக்கியம் போய்விடும். நின்றுகொண்டு பயணம் செய்தால் கம்பியையும் விட்டுவிடுவீர்கள்.
2. முக்கியமான இடம் வந்தால் நேரத்தை மட்டும் குறியுங்கள். செயலியில் அடையாளம் வைக்கும் வசதி இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்தால் போதும், அதில் எபிசோடின் பெயரும் நிமிடமும் சேர்ந்தே பதிவாகிவிடும்.
3. ஒரு எபிசோடுக்கு மூன்று அடையாளங்களுக்கு மேல் வேண்டாம். நான்காவது வந்தால் முதல் மூன்றில் ஒன்றைக் கைவிடுங்கள்.
4. ஆள்பெயர், ஊர்ப்பெயர், ஆண்டு வரும் இடத்தில் வேகத்தை இயல்புக்குக் கொண்டுவந்து, பத்து வினாடி பின்னால் போய் இன்னொரு முறை கேளுங்கள்.

*குறிப்பு:* ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. பழகிய குரலென்றால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இலங்கைத் தமிழர் ஒருவரின் பேச்சை முதல்முறை கேட்கிறீர்கள், அல்லது எஸ்பிஎஸ் தமிழில் ஆஸ்திரேலியச் சட்டம் ஒன்றை விளக்குகிறார்கள் என்றால், வேகத்தில் மிச்சமாகும் ஐந்து நிமிடம் பிறகு குழப்பத்தில் அரைமணியாகச் செலவாகும்.

## மூன்றாம் கட்டம்: இறங்கியதும் இரண்டு நிமிடம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

1. ரயிலைவிட்டு இறங்கியதும் ஒலியை நிறுத்துங்கள். அடுத்த எபிசோடு தானாகத் தொடங்கும் வசதியை அமைப்பில் முன்கூட்டியே அணைத்து வையுங்கள்.
2. வழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள்.
3. கைபேசியைப் பார்க்காமல், கேட்டதை ஒருவரிடம் சொல்வதுபோல உங்களுக்கே சொல்லுங்கள். "மோகன் சிங் தொடங்குனாரு... அப்புறம் ஜப்பான்காரங்களோட தகராறு..." இப்படி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.
4. தடுக்கி நின்ற இடத்தைக் கவனியுங்கள். நீங்கள் மறுபடி கேட்க வேண்டிய இடம் அதுதான்.
5. சொன்னதைக் குரல் செய்தியாகப் பதியுங்கள். அல்லது ஜிபோர்டின் தமிழ்க் குரல் தட்டச்சில் சொல்லுங்கள்.

கேட்டதை மறுபடி கேட்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது ஏன் நல்லது? 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைப் பத்திகள் படிக்கவைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வறை வாசலில் புத்தகத்தைப் புரட்டியவன் மதிப்பெண் வாங்கிவிட்டு அடுத்த வாரமே மறந்துபோனது இதனால்தான்.

*எச்சரிக்கை:* குரல் தட்டச்சு ரயில் நிலைய இரைச்சலில் பெயர்களைக் கடித்துத் துப்பிவிடும். "ஃபுஜிவாரா"வை அது என்னவாக எழுதியது என்று இங்கே அச்சிட முடியாது. பெயரையும் ஆண்டையும் கையால் திருத்துங்கள், அன்றைக்கே. இரண்டு நாள் போனால் அது என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியாது.

## நான்காம் கட்டம்: வீட்டில் ஒரு சீட்டு

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பெக் கியோ உணவங்காடியில் தே தாரிக்கோடும் செய்யலாம், நான் அப்படித்தான். அடையாளம் வைத்த இடங்களை மட்டும் மறுபடி கேட்டு, ஒரு விஷயத்துக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். என் சீட்டு ஒன்று:

வினா: 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க்கில் என்ன நடந்தது? பேசியவர்கள் யார்?

விடை: இந்திய வீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஃபுஜிவாராவும் மோகன் சிங்கும் பேசினார்கள். நேதாஜி அன்று இங்கே இல்லை!

யார் சொன்னது: நிகழ்ச்சியின் பெயர், பேசியவர், எபிசோடு வெளியான தேதி, எத்தனையாவது நிமிடம்.

ஐயம்: கூடியவர்கள் 40,000 என்பாரும் 45,000 என்பாரும் உண்டு. இவர் சொன்னது 45,000.

எங்கே உதவும்: ஊரிலிருந்து வருபவர்களுக்கு மைதானத்தைக் காட்டும்போது.

ஐந்து வரியில் எது முக்கியம் என்று கேட்டால், நான்காவது என்பேன். எல்லாரும் முதலில் விடும் வரியும் அதுதான். பேச்சில் எண்கள் உருண்டோடி வரும். "ஏறத்தாழ", "சொல்கிறார்கள்" என்ற சொற்களெல்லாம் காதில் கழன்று, எண் மட்டும் நினைவில் தங்கிவிடும். ஆகவே எண்ணை எழுதும்போதெல்லாம் சொன்னவர் பெயரையும் கூடவே எழுதுங்கள்.

மூன்றாவது வரியில் வெளியான தேதி ஏன்? இங்கே பணம் பற்றிய எபிசோடுகளைக் கேட்பவர்களுக்கு இது தெரியும். 55 வயதைத் தாண்டியவர்களின் மத்திய சேமநிதிச் சிறப்புக் கணக்கு 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அந்தக் கணக்கை வைத்து 2022இல் ஒருவர் சொன்ன உத்தி அன்றைக்குச் சரி, இன்றைக்குச் செல்லாது. தேதியில்லாத சீட்டு உங்களை அந்தப் பழைய உத்தியிலேயே நிறுத்தி வைத்துவிடும்.

## அடுக்குவது எப்படி?

பலர் நிகழ்ச்சியின் பெயரில் கோப்பு திறக்கிறார்கள். ஒலி 968க்கு ஒன்று, எஸ்பிஎஸ் தமிழுக்கு ஒன்று, கதை ஓசைக்கு ஒன்று. பார்க்க ஒழுங்காக இருக்கும், தேடும்போது கைகொடுக்காது. ஆறு மாதம் கழித்து உங்களுக்கு விஷயம்தான் நினைவுக்கு வரும். எந்த நிகழ்ச்சியில் கேட்டோம் என்பது வராது.

ஒலியை அடுக்குவதற்கு நல்ல முன்மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் மக்களைப் பேட்டி கண்டு பதிவுசெய்து வருகிறது. தமிழில் பேசியவர்களும் உண்டு. ஒருவரின் பேட்டி பல மணிநேரம் ஓடும். அதைச் சுருள் சுருளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன பேசப்பட்டது என்று சுருக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். தேடுபவர் முழுப் பேட்டியையும் கேட்க வேண்டியதில்லை, சுருக்கத்தைப் பார்த்து வேண்டிய சுருளைத் திறந்தால் போதும். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் ஒரு பேட்டியின் பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். இந்தப் பகுதியில் நான் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

வீட்டு அளவில் அதைச் செய்யும் வரிசை:

1. நான்கைந்து கோப்புகள் போதும். பெயர் உங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும்: "வேலை", "பிள்ளைகள்", "பணம்", "ஊர்க்கதை", "உடம்பு".
2. சீட்டின் தலைப்பு வினாவாகவே இருக்கட்டும். "ராணுவம் – குறிப்பு 3" என்று வைத்தால் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது, உங்களுக்கும்.
3. ஒரே வினாவுக்கு இரண்டு எபிசோடுகளில் விடை கிடைத்தால் புதுச் சீட்டு போடாதீர்கள். பழைய சீட்டில் அடுத்த வரியாகச் சேருங்கள். இரண்டும் முரண்பட்டால் நல்லதுதான், ஐய வரி நிரம்பும்.
4. சீட்டின் அடியில் தேடுசொற்களை எழுதுங்கள்.

இந்த நான்காவது படி தமிழில் குறிப்பெழுதுபவர்களுக்கு உயிர்நாடி, ஆனால் ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் இதற்கு இடமே இருக்காது. காரணம் இரண்டு.

முதலாவது, எழுத்துக்கூட்டல். ஃபேரர், பேரர், ஃபாரர் என்று ஒரே இடத்தை மூன்று விதமாக நானே எழுதியிருக்கிறேன். கைபேசிக்கு அவை மூன்று வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். சந்தேகமாக இருந்தால் மூன்றையும் அடியில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. "சிங்கப்பூர்" என்று தேடினால் "சிங்கப்பூரில்" என்று எழுதியிருக்கும் சீட்டு பல செயலிகளில் அகப்படாது. புள்ளி வைத்த ர் வேறு, ரி வேறு. ஆகவே கடைசி எழுத்தை விட்டுவிட்டு "சிங்கப்பூ" என்று தேடுங்கள். "நிலம்" என்பதற்கு "நில" என்று தேடினால் நிலத்தில், நிலத்தை, நிலங்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கூடவே நிலவும் வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

## மறக்காமல் வைத்திருக்க

மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து 1885இல் நூலாக வெளியிட்டார். முதல் நாளில்தான் இழப்பு அதிகம், பிறகு வேகம் குறைகிறது. அதனால் திரும்பிப் பார்ப்பதை முன்பக்கம் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் வைக்க வேண்டும்.

1. மறுநாள் ரயிலில் ஒலியைத் தொடங்குமுன் நேற்றைய வினாவைப் பார்த்து விடையைச் சொல்லுங்கள். பிறகு சரிபாருங்கள்.
2. ஒரு வாரம் கழித்து ஒருமுறை.
3. ஒரு மாதம் கழித்து ஒருமுறை. அப்போதும் சொல்ல முடிந்தால் சீட்டை ஓய்வுக்கு அனுப்பலாம்.

நாள் கணக்கு வைப்பது தொல்லை என்றால் அங்கி என்ற செயலி அதைப் பார்த்துக்கொள்ளும். கணினியில் இலவசம், ஆண்ட்ராய்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு.

ஒரே துறையில் பல சீட்டுகள் சேர்ந்தால் அவற்றை அந்தாதியாகத் தொடுத்துப் பாருங்கள். ஒரு பாட்டின் முடிவு அடுத்ததின் தொடக்கமாக வரும்போது நூறு பாட்டும் மனத்தில் நிற்பது நம் முன்னோர் கண்ட வழி. என் ஃபேரர் பார்க் சீட்டுகள் இப்படிப் போகின்றன: இங்கே முதலில் என்ன இருந்தது? 1842 முதல் குதிரைப்பந்தயத் திடல். குதிரைப்பந்தயத் திடலில் 1911இல் என்ன நடந்தது? ஜோசப் கிறிஸ்தியான்ஸ் சிங்கப்பூரின் முதல் விமானத்தை ஓட்டினார். விமானம் பறந்த திடலிலிருந்து பந்தயம் எப்போது போனது? 1933இல், புக்கிட் தீமாவுக்கு. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தானாக வரும்.

## அடிக்கடி செய்யும் தவறுகள்

முழு எழுத்துப்படியையும் சேமித்துவைப்பது. இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் எபிசோடு முழுவதும் எழுத்தாகிவிடுகிறது, சுருக்கமும் கிடைக்கிறது. உங்கள் மூளை வேலையே செய்யவில்லை என்பதுதான் அதிலுள்ள சிக்கல். முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு எழுத்துப்படியை வைத்துச் சரிபாருங்கள். தமிழ்ப் பெயர்களில் இயந்திரச் சுருக்கத்தை நம்பவே நம்பாதீர்கள்.

வரிசையில் 200 எபிசோடுகள் காத்திருப்பது. பத்துக்கு மேல் போனால் பழையதை நீக்குங்கள். ஒரு பாவமும் இல்லை.

கேட்ட அன்றே மற்றவர்களிடம் முழங்குவது. மேலே என் கதையைப் படித்தீர்கள்.

## பாதுகாப்பு

*காது.* வடகிழக்கு ரயில் தடம் நிலத்தடியில் ஓடுகிறது, அதனால் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டத் தோன்றும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணிநேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 90 டெசிபெல்லுக்குப் போனால் அது 4 மணிநேரமாகச் சுருங்கிவிடும். ஒலியைக் கூட்டுவதைவிட வெளியிரைச்சலைத் தடுக்கும் காதொலிக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

*சாலை.* அதே கருவியை ரேஸ் கோர்ஸ் ரோட்டைக் கடக்குமுன் கழற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் முஸ்தபா பக்கம் போகிறவர்கள் கழற்றிப் பையிலேயே வைத்துவிடலாம், அந்தக் கூட்டத்தில் எதுவும் கேட்காது. வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்திருப்பது சிங்கப்பூரில் குற்றம். அடையாளம் வைக்க வேண்டுமென்றால், நிறுத்தியபின் நினைவிலிருந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

*உடம்பும் பணமும்.* இந்த இரண்டு கோப்புகளிலும் உள்ள எந்தச் சீட்டையும் வைத்து மருந்தை நிறுத்தாதீர்கள், பணம் போடாதீர்கள். மருத்துவரிடமோ அதிகாரபூர்வத் தளத்திலோ கேட்க வேண்டிய வினாவாக மட்டும் அதை வைத்திருங்கள்.

## மாதக் கடைசியில்: காப்பு

கூகல் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டு ஸ்டிச்சர் போனது. பிபிசி தமிழோசை வானொலி 2017இல் நின்றபோது, அதைக் கேட்டே வளர்ந்த எங்கள் வீட்டில் அதன் குரல் ஒரு நிமிடம்கூடப் பதிவாக இல்லை. செயலிக்குள் வைத்த அடையாளம் செயலியோடு போகும், ஆகவே:

1. மாதக் கடைசி ஞாயிறன்று, செயலியில் மிச்சமிருக்கும் அடையாளங்களைச் சீட்டாக்குங்கள், இல்லையென்றால் அழியுங்கள்.
2. சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.
3. திரைப்பிடிப்புகளைக் கைபேசியிலிருந்து நீக்குங்கள்.
4. தலைப்பு வினாக்களை மட்டும் மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள்.

நான்காவது படியைத் தவிர்க்காதீர்கள். முதல் காப்பு எடுத்த மாதத்தில் என்னிடம் 61 சீட்டுகள் இருந்தன. அவற்றில் 9 ஒரே வினா, ஒன்பது எழுத்துக்கூட்டலில்.